மைனஸ் 30 டிகிரியில் அத்தை வீடு

“அந்த மாவுப் பாத்திரத்தைத் தூக்கி ரேடியேட்டர் பக்கத்துல வைம்மா. காலையில பொங்கிடும்,” என்றார் அத்தை.

சன்னலுக்கு வெளியே மைனஸ் 28 டிகிரி செல்சியஸ். உள்ளே நான் டி-சட்டையோடு நின்றிருந்தேன். நம்பிக்கை இல்லாமல்தான் பாத்திரத்தை நகர்த்தி வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால், மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தது.

மங்கோலியா என்றதும் செங்கிஸ் கான், குதிரைகள், முடிவில்லாத புல்வெளி ஆகியவைதான் என் மனத்தில் தோன்றும். அந்தப் படங்களில் இட்லி இருந்ததில்லை. ஆனால், கடந்த டிசம்பர் பல்கலைக்கழக விடுமுறையில் அங்கு நான் கழித்த மூன்று வாரங்களை யாராவது கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது அந்த இட்லிதான்.

என் அத்தையும் மாமாவும் அங்கே தொண்டூழியர்கள். அத்தைக்கு 55 வயது. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர். மாமாவுக்கு 58. குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்த்தே தலை நரைத்தவர். மகன் வேலை கிடைத்து வெளிநாடு போனதும், இருவரும் ஒரு தொண்டூழிய அமைப்பின் மூலம் இரண்டு ஆண்டுப் பணிக்கு விண்ணப்பித்தார்கள். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். மங்கோலியா என்று பதில் வந்தபோது மாமா சொன்னது இன்றும் எங்கள் குடும்பத்தில் பேசப்படுகிறது: “நல்லதாப் போச்சு. ஏர்கான் ஓடலைன்னு அங்கே யாரும் ராத்திரி போன் பண்ண மாட்டாங்க.”

கையோடு கொண்டுபோன கேள்வி

நான் போனதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்றை எல்லாரிடமும் சொன்னேன். தொடக்கக் கல்லூரியில் படித்தபோது பள்ளிக் குழுவோடு ஓர் அண்டை நாட்டுக்குச் சேவைப் பயணம் போயிருந்தேன். பத்து நாளில் ஒரு கிராமப் பள்ளியின் நூலகச் சுவரில் பெரிய ஓவியம் ஒன்றை வரைந்தோம். பிள்ளைகளோடு பாடினோம், படம் எடுத்தோம், அழுதுகொண்டே விடைபெற்றோம். அடுத்த ஆண்டு அதே பள்ளிக்குப் போன வேறொரு குழுவின் படங்களைப் பார்த்தேன். எங்கள் ஓவியத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டு அவர்கள் புதிதாக ஒன்று வரைந்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ‘தொண்டூழியம்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சம். இரண்டு ஆண்டுகள் ஓர் இடத்தில் தங்கிச் செய்தால் அது எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன்.

இரண்டாவது காரணத்தை விமான நிலையத்தில் அப்பா என்னிடம் கொடுத்தார். “அக்கா எப்போ திரும்பி வருதுன்னு நேர்ல கேட்டுட்டு வா. போன்ல கேட்டா பேச்சை மாத்திடுது.”

அத்தையின் அம்மா, அதாவது என் பாட்டி, யீஷூனில் எங்களோடு இருக்கிறார். 83 வயது. சென்ற மார்ச் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அத்தை பறந்து வந்து ஒரு மாதம் கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அதன் பிறகு பாட்டியைக் குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, இரவில் எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது எல்லாமே அம்மாதான். முழுநேர வேலையை அம்மா பகுதிநேரமாக மாற்றிக்கொண்டார். “ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல நேரம் இருக்கு,” என்று அப்பா ஒரு நாள் முணுமுணுத்தார். அம்மா எதுவும் சொல்லவில்லை.

ஆக, மூன்று கிலோ உளுந்து, சாம்பார்த் தூள், காயவைத்த கறிவேப்பிலை ஆகியவற்றோடு அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டு கிளம்பினேன்.

குதிரையின் பெயர் கொண்ட ஊர்

சோல் வழியாக உலான்பாத்தர். உலகத் தலைநகரங்களிலேயே ஆகக் குளிரானது அதுதான். நகர மக்களில் பாதிப் பேர் அளவுக்கு, குன்றுகளின் மேல் பரவியிருக்கும் கெர் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். கெர் என்பது கம்பளிப் போர்வை போர்த்திய வட்ட வடிவக் கூடாரம். ஒவ்வொரு கூடாரத்திலும் ஓர் அடுப்பு, ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு புகைபோக்கி. பதப்படுத்தாத நிலக்கரியை எரிக்க நகரில் 2019ஆம் ஆண்டிலிருந்து தடை உள்ளது. அதற்குப் பதிலாக நிலக்கரிக் கட்டிகள் விற்கப்படுகின்றன. இருந்தாலும் இறங்கிய முதல் மூச்சிலேயே புகை தொண்டையைப் பிடித்தது.

அங்கிருந்து பேருந்தில் தென்மேற்கே ஏறத்தாழ 430 கிலோமீட்டர். வழி நெடுக வெள்ளை நிலம், நடுவில் ஒரு தார்ச்சாலை, எப்போதாவது ஒரு குதிரைக் கூட்டம். மங்கோலியாவின் பரப்பு 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள்தொகை ஏறக்குறைய 35 லட்சம். சிங்கப்பூரில் பாதிக்குச் சற்றே அதிகமான மக்களை அவ்வளவு பெரிய நிலத்தில் தூவிவிட்டால் எப்படி இருக்கும் என்பதை எண்களால் அல்ல, அந்தப் பேருந்துச் சன்னல் வழியாகத்தான் புரிந்துகொண்டேன்.

அத்தையும் மாமாவும் இருப்பது அர்வைகேர் என்ற ஊரில். ஓவர்ஹங்காய் மாநிலத்தின் தலைநகர் அது. கதைகளில் வரும் ஒரு பந்தயக் குதிரையின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் மாமா நின்றிருந்தார். கண்ணிமையில் பனி பிடித்திருந்தது. அவரைப் படம் எடுக்கக் கைப்பேசியை வெளியே எடுத்தேன். 60 விழுக்காடு இருந்த மின்கலம் அப்படியே செத்துப்போனது. “இங்கே போனை நெஞ்சுக்குள்ள வச்சுக்கணும்மா, குழந்தை மாதிரி,” என்றார்.

ஒரு நாள் எப்படிப் போகிறது

அர்வைகேரும் சிங்கப்பூரும் ஒரே நேர வலயம். ஆனால், டிசம்பரில் அங்கே சூரியன் ஏறத்தாழ 9 மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது. அத்தையும் மாமாவும் 6.30 மணிக்கு எழுந்து இருட்டிலேயே சமைக்கிறார்கள்.

அவர்கள் வீடு, சோவியத் காலப் பாணியில் கட்டப்பட்ட நான்கு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. ஊரின் கொதிகலனிலிருந்து குழாய் வழியாகச் சுடுநீர் வந்து வீட்டுக்கு வீடு ரேடியேட்டரைச் சூடாக்குகிறது. சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ பொத்தான் எதுவும் இல்லை. அதிகமாகப் புழுங்கினால் சன்னலில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். மூடிய பால்கனிதான் உறைபெட்டி. நவம்பர், டிசம்பரில் ஒவ்வொரு குடும்பமும் குளிர்காலம் முழுவதற்குமான இறைச்சியை வாங்கிச் சேர்த்துவிடும். அத்தை வீட்டுப் பால்கனியிலும் பாதி ஆடு தொங்கியது. அதற்குப் பக்கத்தில், மூடி போட்ட டப்பாக்களில் சாம்பார் கல்லாய் உறைந்திருந்தது.

வெளியே போவதற்கு உடை மாட்டவே பத்து நிமிடம் ஆகும். தெருவில் நிறுத்தியிருக்கும் கார்களின் எஞ்சின் மேல் மெத்தைப் போர்வை போர்த்தியிருப்பார்கள். கெர் பகுதிகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது என்பதால், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் தள்ளுவண்டியில் தண்ணீர்க் கலன்களை வைத்து இழுத்துப் போவார்கள். என்னைவிட உயரம் குறைந்த ஒரு சிறுமி, பனிச் சறுக்கலில் இரண்டு கலன்களை இழுத்துப் போனதைப் பார்த்தேன். உதவப் போனேன். வழுக்கி விழுந்தேன். அவள்தான் என்னைத் தூக்கிவிட்டாள்.

மொழியில் ஒரு வியப்பு காத்திருந்தது. மங்கோலிய எழுத்து சிரில்லிக். ரஷ்ய எழுத்துகளோடு கூடுதலாக இரண்டு எழுத்துகள். படிக்கப் பயமாக இருக்கும். ஆனால், வாக்கிய அமைப்பு நம்முடையது. ‘நான் நாளை பள்ளிக்குப் போகிறேன்’ என்பதற்கு ‘பி மர்காஷ் சுர்கோல்த் யவ்ன’ என்பார்கள். பி என்றால் நான், மர்காஷ் என்றால் நாளை, சுர்கோல்த் என்றால் பள்ளிக்கு, யவ்ன என்றால் போகிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வேற்றுமை உருபும் நம்மைப் போலவே சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. “ஆங்கிலத்துல யோசிச்சு மங்கோலிய மொழி பேசினப்ப நாக்கு சுளுக்கிக்கிச்சு. தமிழ்ல யோசிக்க ஆரம்பிச்சதும் வழிக்கு வந்துடுச்சு,” என்றார் அத்தை. தாய்மொழி வகுப்பை வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து கடத்திய எனக்கு இது சுருக்கென்றது.

ஒரு சிரிப்பும் உண்டு. மங்கோலிய மொழியில் ‘அஹா’ என்று கூப்பிட்டால் அண்ணன். அப்பா காணொளி அழைப்பில் “அக்கா! அக்கா!” என்று கத்துவதைக் கேட்ட பக்கத்து வீட்டுச் சிறுமி, அந்த மாமா ஏன் பக்ஷை அண்ணன் என்று கூப்பிடுகிறார் என்று கேட்டாளாம். பக்ஷ் என்றால் ஆசிரியர். ஊரில் அத்தைக்குப் பெயரே அதுதான்.

பூட்டிய அலமாரி

அத்தையின் வேலை, ஆங்கில ஆசிரியர்களுக்குத் துணையாக இருப்பது. அந்தப் பள்ளி காலை, மாலை என இரு நேரமாக நடக்கிறது. மேய்ப்பர் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மங்கோலியாவில் ஆறு வயதிலேயே வீட்டை விட்டு விடுதிக்கு வரும் பிள்ளைகள் உண்டு.

நான் போன இரண்டாம் நாளே, பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டேன். உள்ளுக்குள் ஒரு காணொளியும் எடுக்கும் ஆசை. அத்தை தலையாட்டினார், வேண்டாம் என்று.

“வா, ஒண்ணு காட்டுறேன்.”

ஆசிரியர் அறையில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதற்குள் பல வண்ணங்களில், நெகிழித் தாள் ஒட்டிய ஆங்கிலப் பட அட்டைகள். அத்தை கைப்பட வெட்டிச் செய்தவை. முதல் ஆறு மாதம் அத்தை வகுப்பு வகுப்பாகப் போய் அவற்றை வைத்துப் பாடம் நடத்தினார். ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து கைதட்டினார்கள். பாட்டி விழுந்தபோது ஒரு மாதம் சிங்கப்பூர் வந்துவிட்டுத் திரும்பிப் போனால், அட்டைகள் அத்தனையும் அலமாரிக்குள். பூட்டு வேறு.

“பாழாக்கினாங்களோன்னு நினைச்சேன். இல்லை. ‘உங்க பொருள், அழுக்காயிடக் கூடாதுன்னு பத்திரமா வச்சோம்’னாங்க. அப்பதான் உறைச்சது. ஆறு மாசம் நான் வேலை செஞ்சிருக்கேன். யாருக்கும் எதையும் கொடுக்கல.”

அதற்குப் பிறகு அத்தை கரும்பலகைப் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்தார். ஒவ்வொரு வாரமும் இரண்டு ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிடுவார். எந்தப் பொருளைப் பயன்படுத்துவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். டுரியானுக்கும் பெருவிரைவு ரயிலுக்கும் பதிலாக ஆடு, அடுப்பு, சேணம் எல்லாம் பாடத்துக்குள் வந்தன. அட்டைகளைப் பழைய அட்டைப்பெட்டியில் பிள்ளைகளே செய்தார்கள். அழுக்கானால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

எனக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? பிற்பகலில் ஆசிரியர்களோடு தேநீர் குடித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுவது. அவ்வளவுதான். பால், தேயிலை, உப்பு சேர்த்த சூத்தேய் சாய். முதல் மிடறில் ரசத்தில் பால் ஊற்றியது போல் இருந்தது. மூன்றாம் வாரம் மூன்று கிண்ணம் குடித்தேன். எடுக்க நினைத்த காணொளி கடைசிவரை எடுக்கப்படவே இல்லை.

குளிர்நாட்டில் குளிர்சாதனக்காரர்

மாமா ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்கம்பி வேலையும் குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பும் சொல்லித் தருகிறார். “இந்தக் குளிரில் அது எதற்கு?” என்று கேட்டேன்.

“ஆறு மாசம் நாடே ஐஸ்பெட்டி. மத்த மாசம் இறைச்சியும் பாலும் கெட்டுப்போகுதே? சின்ன ஊர்க் கடையில பெட்டி நின்னுட்டா, சரிசெய்ய ஆள் தலைநகர்ல இருந்து வரணும்.”

மாமாவுக்கு மங்கோலிய மொழி இன்னும் திக்கும். அவர் வகுப்பில் பேச்சு குறைவு. கம்பியைக் காட்டுவார், மாணவன் தொடுவான், மாமா “ஸா” என்பார். ‘சரி’, ‘ஆகட்டும்’, ‘கிளம்பலாம்’, ‘அப்படியா’ என எல்லாவற்றுக்கும் மங்கோலியர்கள் சொல்லும் ஒரே சொல் அது. சிங்கப்பூரில் வீட்டிலேயே அதிகம் பேசாத மாமாவுக்கு அமைந்த மொழி என்று அத்தை கேலி செய்வார்.

தொலைதூர மேய்ப்பர்களின் கூடாரங்களிலும் இன்று சூரிய மின்தகடு இருக்கிறது. ஒரு லட்சம் கெர்களுக்குச் சூரிய மின்சாரம் தரும் அரசுத் திட்டம் 2012ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. தகடு நீண்ட காலம் உழைக்கும். மின்கலமும் இணைப்பும் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. அதனால் அதைச் சரிசெய்யவும் மாமா கற்றுக்கொடுக்கிறார். அந்த வகுப்பில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனுடைய வீட்டுக்குத்தான் விடுமுறையில் எங்களை அழைத்துப் போனார்கள்.

வாசற்படியை மிதிக்காதே

புர்கான் என்று அவர்கள் அழைக்கும் பழைய ரஷ்ய வேனில் இரண்டரை மணிநேரப் பயணம். கடைசி ஒரு மணிநேரம் சாலையே இல்லை. மலையின் மறைவில் இரண்டு கெர்கள், ஒரு பட்டி. தெற்கு நோக்கிய கதவு.

போகும் வழியிலேயே அத்தை எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். வாசற்படியை மிதிக்கக் கூடாது. உள்ளே போனதும் இடப்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். கொடுப்பதை வலக்கையால் வாங்க வேண்டும். அடுப்பை நோக்கிக் காலை நீட்டக் கூடாது, நெருப்பில் குப்பை போடக் கூடாது. “இதெல்லாம் பாட்டி நமக்குச் சொன்னதுதானே அத்தை?” என்றேன். அத்தை பதில் சொல்லாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டியின் பெயரை எடுத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

உலர்ந்த சாணம் எரியும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆவியில் வெந்த, இறைச்சி வைத்த பூஸ் வந்தது. நம் கொழுக்கட்டைக்கு உப்புத் தம்பி. அந்தப் பையனின் பாட்டி ‘குளிர்காலம் நல்லபடியாகக் கழிகிறதா?’ என்று விசாரித்தார். அது வெறும் உபசார வார்த்தை இல்லை என்பது சற்று நேரத்தில் புரிந்தது.

மங்கோலியாவில் ‘சூட்’ என்றொரு பேரிடர் உண்டு. கோடையில் புல் வளராமல், குளிர்காலத்தில் பனி ஆழமாகவோ பனிக்கட்டிப் பாளமாகவோ மூடிக்கொண்டால் கால்நடைகளால் மேய முடியாது. பட்டினியாலும் குளிராலும் கூட்டம் கூட்டமாகச் சாகும். 2023-24 குளிர்காலத்தில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. நாட்டின் மொத்தக் கால்நடைகளில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

அந்தக் குடும்பத்திடம் நானூறு ஆடுகள் இருந்தனவாம். இப்போது எண்பது சொச்சம். “காலையில் பட்டியைத் திறக்கப் பயமாக இருந்தது,” என்று அம்மாக்காரி சொல்ல, பையன் மாமாவிடம் கற்ற ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னான். அவன் மேய்ப்பனாகத்தான் ஆகவேண்டியவன். ஆடு போனதால் கம்பி பிடிக்க வந்தான். அன்று பிற்பகல், தன் வீட்டுச் சூரிய மின்தகட்டின் இணைப்பை அவனே கழற்றிச் சரிசெய்தான். மாமா பக்கத்தில் நின்றார், கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு. விளக்கு எரிந்ததும் “ஸா” என்றார்.

அந்தப் பாட்டியிடம்தான் ‘ஒன்பது ஒன்பதுகள்’ கணக்கைக் கற்றேன். டிசம்பர் 22 வாக்கில் தொடங்கி 81 நாள் குளிர்காலத்தை ஒன்பது ஒன்பது நாளாகப் பிரிக்கிறார்கள். முதல் ஒன்பதில் பாலில் வடித்த சாராயம் உறையும். மூன்றாவதில் மூன்று வயது எருதின் கொம்பு உறையும். ஐந்தாவது ஒன்பதில் சோற்றை வெளியே வைத்தாலும் உறையாது. ஆறாவதில் பாதை தெரியும். அப்படியே ஒவ்வொன்றாகக் கடந்து, ஒன்பதாவதில் வெதுவெதுப்பு. மங்கோலியர்கள் குளிரை வெல்வதாகப் பேசுவதே இல்லை. எண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டே பேர்

தம்பதியாகத் தொண்டூழியம் செய்வது கேட்க அழகாக இருக்கிறது. நான் பார்த்தது வேறு. அந்த ஊரில் தமிழ் பேச இரண்டே பேர். கோபம் வந்தாலும் அதே ஆளிடம்தான் சொல்ல வேண்டும். வெளியே போய் நடந்துவிட்டு வரலாம் என்றால் மைனஸ் 30.

ஒரு மாலை, மாமா கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போனது. மாமாவுக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்க விருப்பம். அமைப்பும் கேட்டிருக்கிறது. அத்தை முடிவு சொல்லவில்லை. இருவரும் நிறுத்தியபோது, நான் கூடத்தில் பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று நினைக்கிறேன். பத்து நிமிடம் கழித்து மாமா தேநீர் போட்டு அத்தை முன் வைத்தார். அத்தை பாதி குடித்துவிட்டு மீதியை அவர் பக்கம் தள்ளினார். சண்டை முடிந்ததற்கு அதுதான் அடையாளமாம்.

“ஊர்ல 30 வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். ஆனா இங்கே வந்த பிறகுதான் இவர்கிட்ட பேசக் கத்துக்கிட்டேன்,” என்றார் அத்தை பிறகு.

கடைசி வரிசை

விடுமுறைக்கு முன், பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கு நடந்தது. நடத்தியவர்கள் அத்தையோடு திட்டமிட்ட அந்த இரண்டு மங்கோலிய ஆசிரியர்கள். அத்தை கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நடுவில் ஓர் ஆசிரியர் ஒரு விளக்கத்தில் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டார். அறை அமைதியானது. அத்தையின் கை மேசையிலிருந்து எழுந்தது. பிறகு மெல்லக் கீழே இறங்கித் தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டது. அரை நிமிடம் இருக்கும். முன் வரிசையில் இருந்த வேறோர் ஆசிரியர் மங்கோலிய மொழியில் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பாடம் தொடர்ந்தது. அத்தை இல்லாமல்.

நான் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, பாத்திரம் துலக்கிக்கொண்டே அத்தை கேட்டார்: “சரி, உங்கப்பா என்ன கேட்டுட்டு வரச் சொன்னான்?”

தெரிந்தே மூன்று வாரம் காத்திருந்திருக்கிறார். நான் சொன்னேன்.

“நான் ஏன் வந்தேன்னு உண்மையைச் சொல்லட்டுமா? வேலையை விட்டதும், இனி பாட்டியைப் பார்த்துக்கிறது மட்டும்தான் நம்ம வாழ்க்கைன்னு தோணுச்சு. அதுக்கு முன்னாடி எனக்குன்னு ரெண்டு வருஷம் வேணும்னு நினைச்சேன். அது தப்பாம்மா?”

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால், வேறொன்று வந்துவிட்டது. “அம்மாவுக்கும் அந்த ரெண்டு வருஷம் வேணும்தானே அத்தை?”

அத்தை குழாயை மூடினார். நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. என்னவோ செய்துவிட்டோம் என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை அத்தை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசினார். அப்பாவிடம் இல்லை, பாட்டியிடம் இல்லை. என் அம்மாவிடம். நாற்பது நிமிடம். என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது அத்தை ஒன்று மட்டும் சொன்னார். உடன் வேலை செய்யும் அந்த ஆசிரியரிடம் ஊருக்குப் போவதைப் பற்றி வருத்தத்தோடு பேசினாராம். அதற்கு அவர், “பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் பக்ஷா. உங்கள் அம்மாவுக்கு மகள் நீங்கள் ஒருவர்தானே,” என்றாராம். “முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். நான் வந்ததே இப்படி ஒருத்தர் சொல்லத்தானே?”

ஐந்தாவது ஒன்பது

ஊர் திரும்பி, புதிய பருவமும் தொடங்கிவிட்டது. என் பல்கலைக்கழகத்தில் இப்போது விடுமுறைச் சேவைப் பயணங்களுக்குப் பெயர் சேர்க்கும் நேரம். உங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் இருக்கும். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பத்து நாள் போனாலும் கற்றுக்கொள்ள இருக்கிறது. ஆனால், பெயரைக் கொடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நாம் கிளம்பிய மறுநாள் அங்கே என்ன நடக்கும்? யார் அதைத் தொடர்வார்கள்? அலமாரியின் சாவி யார் கையில் இருக்கும்? இதற்குப் பதில் இல்லை என்றால், நாம் நம் ஓவியத்துக்கு ஒரு சுவர் தேடிப் போகிறோம் என்று பொருள். நான் ஒரு முறை அப்படிப் போனவள் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: நான் வெளியே சேவை செய்யப் போகும்போது, என் வீட்டில் என் பங்கைச் செய்வது யார்? இப்போது செவ்வாய், வியாழன் இரவுகளில் பாட்டியை எழுப்பி அழைத்துச் செல்வது நான்தான். இதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. முதல் வாரம் எனக்குப் பொறுமையும் இல்லை. இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறது.

ஜனவரி இறுதியில், மூன்றாம் வார விரிவுரையில் உட்கார்ந்திருந்தபோது அத்தையிடமிருந்து ஒரு படம் வந்தது. பால்கனியில் ஒரு கிண்ணம், அதில் வெள்ளையாய் ஏதோ ஒன்று. கீழே எழுதியிருந்தார்: “ஐந்தாவது ஒன்பது வந்தாச்சு. சோறு கல்லாத்தான் உறைஞ்சிருக்கு. அந்தப் பாட்டி சொன்னது இந்த வருஷம் பலிக்கல. ஜூலை மாசத்துக்கு டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு பேருக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். அம்மா இரண்டு முறை படித்தார். எதுவும் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய், சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஜூலைப் பக்கத்தைத் திருப்பி ஒரு வட்டம் போட்டுவிட்டு, பாட்டிக்குக் கஞ்சி ஆற்றத் தொடங்கினார்.